தலைவர் முடிவுக்கே விடுகிறேன்

சாப்பாட்டு மேசை மேல் தாள்கள் இரண்டு அடுக்காகக் கிடந்தன. ஒன்று மெல்லியது, மற்றது தடிமன்.

மெல்லிய அடுக்கில் இருந்தவர்கள் மத்தியானக் கூட்டத்துக்கு வருவதாக எழுதியிருந்தார்கள். தடித்த அடுக்கில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிக்குக் கீழே, கையெழுத்துக்குப் பதில் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தியிருந்தார்கள். 'என் வாக்கைத் தலைவர் முடிவுக்கே விடுகிறேன்.'

இனுயி ஷிகேரு தடித்த அடுக்கை மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்று.

"எண்ண எண்ணக் குறையுமா என்ன?" மனைவி சாட்சுகி டோஸ்ட்டை அவர் பக்கம் தள்ளினாள். "ஆறுது. சாப்பிடுங்க."

"மொத்தமே அறுபத்து மூணு வீடு. அதுல நாற்பத்தொண்ணு என் கையில. மத்தவங்க வந்து பேசினா என்ன, பேசாட்டி என்ன?"

"நல்லதுதானே. சண்டையே வராது."

"அதான் பயமா இருக்கு."

இந்த வம்பை ஷிகேரு தேடிப் போகவில்லை. குடியிருப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழு, வீட்டு எண் வரிசையில் சுழன்று வரும். இந்த வருடம் சிக்கிய ஆறு பேரில் யார் தலைவர் என்று கல், காகிதம், கத்தரி போட்டுத்தான் முடிவு செய்தார்கள். ஷிகேரு கத்தரி காட்டினார். மற்ற ஐந்து பேரும் சொல்லி வைத்த மாதிரி கல் காட்டினார்கள்.

"நீங்க எப்பவும் கத்தரிதான் காட்டுவீங்கன்னு இந்தக் கட்டடத்துக்கே தெரியும்," என்று அன்றைக்கு சாட்சுகி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு சிரிக்க அதிகம் கிடைக்கவில்லை. மார்ச் மாதம் ஒன்பதாம் மாடிச் சுவரிலிருந்து ஒரு டைல் கழன்று, எல்லோரும் மரியாதையாக ஓகினோ சான் என்று கூப்பிடுகிற அம்மாள் கீழே நிறுத்தியிருந்த சைக்கிள் மேல் விழுந்தது. சைக்கிளில் அந்த அம்மாள் இல்லை. அது ஒன்றுதான் அதிர்ஷ்டம். முப்பத்தாறு வருடக் கட்டடம். தட்டிப் பார்த்த இடத்தில் பாதிக்கு மேல் உள்ளே காலி என்று சத்தமே சொன்னது. அன்றிலிருந்து தெருப் பக்கச் சுவர் முழுக்கப் பச்சை வலை. ஜூன் மழையில் நனைந்து, காற்றடித்தால் பெருமூச்சு விடுகிற மாதிரி உப்பி உப்பி அடங்கியது.

பெரிய பழுது வேலை செய்தாக வேண்டும். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. வேலையை எந்த வழியில் கொடுப்பது என்பதில்தான் மூன்று மாதமாக இழுபறி.

வழி இரண்டு. ஒன்று, சோதனை, திட்டம், வேலை எல்லாவற்றையும் ஒரே கட்டுமானக் கம்பெனியிடம் மொத்தமாக விட்டுவிடுவது. இரண்டாவது, முதலில் ஒரு ஆலோசகரை அமர்த்துவது. அவர் திட்டம் எழுதி, டெண்டர் விட்டு, ஜெயிக்கிற கம்பெனி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கடைசி வரை கூட நின்று பார்ப்பார்.

முதல் வழிக்கு முன்வந்திருந்த கம்பெனியில்தான் சாட்சுகியின் தம்பி தெட்சுயா விற்பனைப் பிரிவில் இருந்தான். ஷிகேரு அதைக் குழுவிடம் மறைக்கவில்லை. "அதனால என்ன? தெரிஞ்ச ஆள் இருந்தா நல்லதுதானே," என்றார்கள் ஐந்து பேரும், கல் காட்டிய அதே ஒற்றுமையோடு.

போன வாரம் தெட்சுயா சாப்பிட வந்தபோதுதான் விஷயம் கனத்துப் போனது. இந்த வேலை கைக்கு வராவிட்டால் செப்டம்பரில் அவனைத் தூர வடக்கே அகிதா கிளைக்கு அனுப்பிவிடுவார்களாம். குடும்பம் இங்கே, அவன் அங்கே. ஏற்கெனவே ஆறு வருடம் ஹச்சினோஹேயில் தனியாக இருந்துவிட்டு வந்தவன். திரும்பி வந்த அன்று கதவைத் திறந்த மகள், உள்ளே பார்த்து, "அம்மா, யாரோ வந்திருக்காங்க," என்றாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சாட்சுகி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஷிகேருவுக்குத் தூக்கம் இல்லை. மச்சினனா, கட்டடமா? நாற்பத்தொரு வீட்டுக்காரர்கள் அந்தக் கேள்வியையும் சேர்த்து அவர் தலையில் முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள்.

சாட்சுகி சூப்பர்மார்க்கெட் சீருடை மேல் மழைக்கோட்டு போட்டுக்கொண்டாள். அங்கே பலகாரப் பிரிவில் கொரோக்கே என்கிற உருளைக்கிழங்குப் பலகாரம் பொரிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்.

"ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன். எனக்கும் ஒரு வாக்கு இருக்கு, தெரியுமா?"

"உனக்கா? நம்ம வீட்டு வாக்கு என் பேர்ல இல்ல இருக்கு?"

"அஞ்சாம் மாடி நாகாயே அம்மா. முழங்கால் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருக்காங்கல்ல? தாள்ல தலைவர் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதிட்டாங்க. தலைவரை எனக்குத் தெரியாது, கொரோக்கே விக்கிற பொம்பளையைத் தெரியும்னாங்களாம்."

ஷிகேரு ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

காலணி மாட்டக் குனிந்தவள், நிமிராமலே சொன்னாள். "பத்து மணிக்கு தெட்சுயா வரேன்னான். கீழேயே போய்ப் பாத்துடுங்க."

"எதுக்கு?"

"அத்தானைப் பாக்க மச்சினனுக்குக் காரணம் வேணுமா? நேத்தும் நீங்க தூங்கல. போய் ஒரு காபி குடிச்சுட்டு வாங்க அவனோட."

கதவு மூடியது.

கீழே சைக்கிள் கொட்டகையில் ஓகினோ சான், அடிபட்ட சீட்டுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டிருந்தாள். நான்காம் மாடி. நகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இரண்டாவது வழிக்காக இந்தக் கட்டடத்தில் தொண்டை வற்றக் கத்துகிற ஒரே ஆள்.

"வாங்க தலைவரே. நாற்பத்தொரு தலை ராவணன் மாதிரி நடந்து வரீங்க."

"நான் எங்க நடக்கிறேன்? இழுத்துட்டு வரேன்."

"இழுங்க, இழுங்க. ஆனா சரியான பக்கம் இழுங்க. இவ்வளவு சல்லிசான ஆலோசகரை நான் எங்க எங்க அலைஞ்சு புடிச்சேன் தெரியுமா? அஞ்சு ஆபீஸ்ல விசாரிச்சேன். இவங்கதான் பாதி விலை."

"தெரியும். சொன்னீங்க."

"மறுபடியும் சொல்வேன். மத்தியானமும் சொல்வேன்."

வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. கம்பெனிப் பெயர் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்தது. ஓகினோ சான் அதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பிளாஸ்டிக் பையின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"அத்தான்!" தெட்சுயா உள்ளிருந்தே கதவைத் திறந்தான். "ஏறுங்க, நனையாதீங்க. என்ன முகம் இது? நீங்களும் ஒன்பதாம் மாடியில இருந்து கழண்டு விழுந்தீங்களா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. கம்பெனி வண்டியில ஏன்டா வந்தே? அந்த அம்மா பாக்கிறாங்க."

"சொந்த வண்டியைப் பொண்டாட்டி எடுத்துட்டுப் போயிட்டா. பாத்தா பாக்கட்டும்." இரண்டு டின் காபியில் ஒன்றை நீட்டினான். சூடாக இருந்தது. நாற்பத்தொன்பது வயதில் கண்ணுக்குக் கீழே அவனுக்கும் பை விழுந்திருந்தது.

தெட்சுயா தன் டின்னைத் திறந்து ஒரு வாய் குடித்தான்.

"அத்தான், ஒண்ணு சொல்றேன். வெளியில போகக் கூடாது."

"அப்போ சொல்லாதே."

"சொன்னாதான் நீங்க தூங்குவீங்க."

"தூங்க வைக்கிற விஷயம் எதுவும் இப்போ இந்த ஊர்ல இல்ல."

"இருக்கு." தெட்சுயா ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நீங்க எந்த வழியை எடுத்தாலும் வேலை எங்களுக்குத்தான் வரும்."

ஷிகேருவுக்குப் புரியவில்லை. "ஒரே கம்பெனி வழின்னா உங்களுக்கு. சரி. ஆலோசகர் வழின்னா டெண்டர்ல?"

"அந்த ஆலோசகர் எவ்வளவு கூலி கேட்டிருக்காரு, பாத்தீங்கல்ல? மூணு இன்ஜினியர் ஒரு வருஷம் வேலை பாக்கணும். கேட்டிருக்கிறது அவங்க பஸ் செலவுக்குக் காணாது. அப்போ அந்த ஆபீஸ் எதுல சாப்பிடுது?"

ஷிகேரு டின்னை உள்ளங்கையில் உருட்டினார்.

"ஜெயிக்கிற கம்பெனி அவங்களுக்கு ரகசியமாக் குடுக்கும். அஞ்சு கம்பெனி டெண்டர் போடும். நாலு பேர் சும்மா கூட்டம் காட்ட வந்து நிக்கிறவங்க, விலையைக் கொஞ்சம் ஏத்தியே எழுதுவாங்க. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒருத்தர் முறை. ஆத்தங்கரைக் கட்டடம் போன தடவை வேற ஆளுக்கு. இது எங்களுக்கு."

"முறை வச்சா?"

"நீங்க தலைவர் வேலைக்கு முறை வைக்கலையா? அந்த மாதிரிதான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"அந்தக் கம்மிக் கூலியும், உங்க ஏத்தமும், எல்லாம் கடைசியில யார் தலையில?"

தெட்சுயா சன்னல் பக்கம் திரும்பினான். கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். வெளியே ஓகினோ சான் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சைக்கிளுக்கும் ஒரு பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இது நான் கண்டுபிடிச்ச பழக்கம் இல்ல அத்தான். நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்தது. நான் சும்மா காகிதம் தூக்கிட்டுப் போற ஆள்." குரல் இறங்கியது. "எனக்காக நியாயம் தவறணுமான்னுதானே முழிச்சுட்டு இருக்கீங்க? தவறவே வேண்டாம். அந்த அம்மா கேக்கிறதையே குடுங்க. டெண்டர் விடுங்க. உங்க கை சுத்தம். நானும் வீட்லயே இருப்பேன். நிம்மதியாத் தூங்குங்க."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

ஷிகேரு இத்தனை நாள் இழுபட்டுக்கொண்டிருந்த கயிற்றின் இரண்டு முனையும் ஒரே ஆள் கையில் இருந்திருக்கிறது. நடுவில் இவர் மட்டும்தான் வியர்த்து வழிந்திருக்கிறார்.

"காபி ஆறிடும் அத்தான்."

"குடிக்கிறேன்," என்றார். திறக்காமலேயே கையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

மத்தியானம் தரைத்தளக் கூட்ட அறையில் மடக்கு நாற்காலிகள் நாற்பது போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினாறு பேர். வரிசையாக அடுக்கியிருந்த தேநீர் பாட்டில்கள், வராதவர்களுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தன. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் மூலையில் உறுமிக்கொண்டே இருந்தது.

பராமரிப்புக் கம்பெனி ஊழியர் ஷிமாஓகா, இரண்டு வழிகளையும் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்து முடித்தார். அடுத்த நொடி ஓகினோ சான் எழுந்துவிட்டாள்.

"ஒரே கம்பெனி வந்து சோதிக்கும். அதே கம்பெனி, இவ்வளவு கெட்டுப் போயிருக்குன்னு சொல்லும். அதே கம்பெனி சரி பண்ணும். அப்புறம் அதே கம்பெனி, ஆஹா நல்லா பண்ணிட்டோம்னும் சொல்லும். பரீட்சை எழுதற பையனே பேப்பரையும் திருத்திக்கிறதா? நமக்குன்னு நடுவுல ஒரு ஆள் வேணாமா?"

ஒன்பதாம் மாடி குசாகா எழுந்தார். போன வருடம் முதுகு வலி என்று சொல்லி நிர்வாகக் குழுவிலிருந்து தப்பியவர். "நடுவுல ஆள் வந்தா என்ன ஆகும் தெரியுமா? நாளைக்கு என் வீட்ல மழை ஒழுகும். ஆலோசகரைக் கேட்டா கம்பெனியைக் காட்டுவாரு. கம்பெனியைக் கேட்டா ஆலோசகரைக் காட்டும். ஒரே ஆள்கிட்ட குடுத்தா ஒரே சட்டையைப் புடிக்கலாம். இந்த முதுகு வலியோட நான் எத்தனை பேர் பின்னால ஓடறது?"

"அந்த முதுகோடதான் போன மாசம் ரொக்கோ மலை ஏறினீங்களாமே?"

அறை சிரித்தது. குசாகாவும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

ஷிகேரு சிரிக்கவில்லை. இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டு பேரும் மனசாரத்தான் பேசுகிறார்கள். ஓகினோ சான் சொல்கிற மாதிரி ஒரு நல்ல ஆலோசகர் கிடைத்தால் அவள் வழிதான் நல்ல வழி. ஆனால் அவள் அலைந்து அலைந்து பிடித்து வந்திருக்கிற ஆள், வேட்டைக்காரன் கட்டி விட்ட ஆடு.

பின் வரிசையில், சீருடையை மாற்றாமலே வந்து உட்கார்ந்திருந்தாள் சாட்சுகி. பார்வை அவர் மேல் இல்லை. தன் கைகள் மேல் இருந்தது.

"முதல் வழிக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க," என்றார் ஷிமாஓகா.

ஆறு கைகள். சாட்சுகியின் கை அதில் இல்லை.

"இரண்டாவது வழி."

ஒன்பது கைகள். கடைசியாக எழுந்த கை, நாகாயே அம்மாளின் வாக்கோடு, சாட்சுகியுடையது.

ஷிகேரு ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து அவளையே பார்த்தார். தம்பி அகிதாவுக்குப் போகக் கூடாது என்று ஒரு வாரமாகக் கண் கலங்கியவள், தம்பி கம்பெனிக்கு எதிராகவா கை தூக்குகிறாள்?

"தலைவர் வசம் இருக்கிற வாக்குகள்?" ஷிமாஓகா பேனாவோடு காத்திருந்தார். ஏற்கெனவே பாதி எழுதி வைத்திருந்தார். எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மட்டும்தான் தெரிய வேண்டும்.

"ரெண்டுக்கும் இல்லை," என்றார் ஷிகேரு.

"மன்னிக்கணும்?"

"என் வாக்கும், என்கிட்ட இருக்கிற நாற்பத்தொண்ணும், ரெண்டு வழிக்கும் எதிர்ப்பு."

ஷிமாஓகா பேனாவைக் கீழே வைத்தார்.

"தலைவர், இது உங்க குழு கொண்டு வந்த தீர்மானம்..."

"தெரியும்."

"தன்னோட தீர்மானத்துக்குத் தலைவரே எதிரா போடறது, எனக்குத் தெரிஞ்சு எங்கயும்..."

"தெரியும்."

"காரணம் சொல்லுங்க!" ஓகினோ சானின் குரல் உடைந்தது. "மூணு மாசம்! ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்த நாற்காலியில வந்து உட்கார்ந்தோம். காரணம் சொல்லுங்க!"

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. நாலே வார்த்தை. சொன்னால் இந்த அறையில் எல்லோரும் அவர் பக்கம் வந்துவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் தெட்சுயாவின் பெயர் ஊர் முழுக்கப் போய்விடும். அகிதாவில் கூட வேலை இருக்காது அதற்குப் பிறகு.

"எனக்குப் போதுமான அளவு புரியலை," என்றார். "புரியாம மத்தவங்களுக்காகக் கை தூக்க முடியல."

"புரியலையா?" குசாகாவுக்கே கோபம் வந்துவிட்டது. "இன்னொரு டைல் விழுந்தா? வலை எத்தனை நாள் தாங்கும்? என் பேத்தி அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போறா, தலைவரே!"

ஷிகேரு எழுந்து, இடுப்பை வளைத்து, தலை குனிந்தார். நிமிர நேரமானது. "என்னோட தகுதிக் குறைவு. மன்னிச்சுக்குங்க. வேற ஆலோசகரைத் தேடுவோம். நியாயமான கூலி கேக்கிறவரா. கம்மியா கேக்கிறவர் வேண்டாம்."

சொல்லி முடித்த பிறகுதான், கடைசி வாக்கியத்தை விழுங்கியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஓகினோ சான் ஏதோ கத்த வாயெடுத்தவள், அப்படியே நின்றாள். வாய் மெல்ல மூடியது. உட்கார்ந்துவிட்டாள்.

ஷிமாஓகா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பழுது வேலைக்கு வழி தீர்மானம் ஆகாவிட்டால், தீர்மானம் ஆகும் வரை இதே குழு நீடிக்கும். ஐந்து உறுப்பினர்களும் ஒரே குரலில் முனகினார்கள். "அடுத்த வருஷமும் கத்தரிதான்," என்று யாரோ பின்னால் சொன்னது கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

மீந்த தேநீர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் முன் நின்றபோது, பக்கத்தில் ஓகினோ சான் வந்து நின்றாள். ஒரு பெட்டியை அவள் வாங்கிக்கொண்டாள். திட்டுவதற்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் குரல் தணிவாக இருந்தது.

"இனுயி சான். வால்வு கம்பெனியில காலம் பூரா, இது தேறும், இது தேறாதுன்னு பிரிச்சுப் போட்ட ஆள் நீங்க. புரியலைன்னு சொல்ற ஜாதி இல்ல."

"வயசாயிடுச்சு."

"கம்மியா கேக்கிறவர் வேண்டாம்னீங்க. அது புரியாதவன் பேச்சு இல்ல." அவள் நேராகப் பார்த்தாள். "யாரோ உங்ககிட்ட ஏதோ சொல்லியிருக்காங்க."

"லிஃப்ட் வந்துடுச்சு, ஓகினோ சான்."

"வரட்டும். நான் நகராட்சியில டெண்டர் கவர் பிரிச்சவ. மெதுவாத்தான் மண்டையில ஏறும். ஆனா ஏறிடும்."

நான்காம் மாடியில் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் இறங்கினாள்.

இரவு உணவுக்கு, பாதி விலை ஒட்டுத்தாளோடு வந்த கொரோக்கே. துருவிய முட்டைக்கோஸ். மிசோ சூப். சாட்சுகி சோறு போட்டாள், உட்கார்ந்தாள், சாப்பிட ஆரம்பித்தாள். வெளியே வலை நனைந்து சுவரில் அடித்துக்கொண்டிருந்தது.

ஷிகேருதான் பேச்சை ஆரம்பித்தார்.

"ரெண்டாவது வழிக்குக் கை தூக்கினியே."

"ஆமா."

"உன் தம்பி கம்பெனி முதல் வழியில இருக்கு."

"முதல் வழிக்குத் தூக்கினா, தம்பிக்காகத் தூக்கினாம்பாங்க. உங்களையும் சேத்துப் பேசுவாங்க. இதுக்குத் தூக்கினா யாருக்கும் பேச வாயில்லை." கொரோக்கேயைக் குச்சியால் இரண்டாகப் பிளந்தாள். "எதுக்குத் தூக்கினாலும் ஒண்ணுதானே."

ஷிகேரு குச்சிகளைக் கீழே வைத்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழமை சொன்னான். போன்ல." அவள் நிமிர்ந்தாள். "உங்ககிட்டயும் சொல்லிடுடான்னு நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"பக்கத்துல படுத்திருக்கேன். ராத்திரி முழுக்கப் புரண்டுட்டே இருந்தீங்க. ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சா மனசு லேசாகித் தூங்கிடுவீங்கன்னு நினைச்சேன்." சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை. "முப்பத்து மூணு வருஷம் கூட இருந்துட்டு, உங்களை இப்படித் தப்பாப் புரிஞ்சு வச்சிருக்கேன் பாருங்க."

கோபம் வர வேண்டிய இடம். ஷிகேரு காத்துப் பார்த்தார். வரவில்லை. வருவதற்குத் தெம்பு இல்லை.

"நான் யார்கிட்டயும் சொல்லல, சாட்சுகி. அவன் பேர் என் வாயில வரல."

"பாத்துட்டுதானே இருந்தேன். அத்தனை பேர் முன்னாடி முட்டாள் பட்டம் வாங்கிட்டு நின்னீங்க. எனக்கு எழுந்து ஓடிடலாம் போல இருந்தது." அவள் கண்கள் நிறைந்தன. "ஆனா அவன் போயிடுவான்ல? அம்மா போனப்போ அவனுக்கு நாலு வயசு. அவன் பள்ளிக்கூட டப்பாவுக்கு நான்தான் முட்டை சுருட்டி வைப்பேன். கருகிப் போனாலும் நல்லா இருந்தது அக்கான்னுவான். அவன் மறுபடியும் தனியா உட்கார்ந்து சாப்பிடணுமா? யாரோ அறுபத்து மூணு வீட்டுக்காரங்களுக்காகவா?"

"அதுல நம்ம வீடும் ஒண்ணு."

"அது எனக்குத் தெரியாதா?" சத்தம் போட்டுவிட்டு, உடனே அடங்கினாள். "தெரியும். தெரிஞ்சுதான் கேக்கிறேன்."

அவர் தட்டில் கொரோக்கே தொடப்படாமல் இருந்தது. அவள் அதை எடுத்து மைக்ரோவேவில் வைத்து, சூடாக்கி, திரும்பக் கொண்டு வந்து வைத்தாள். இன்னும் கோபமாகத்தான் இருந்தாள். ஆனாலும் வைத்தாள்.

இன்டர்காம் ஒலித்தது.

சுவரில் இருந்த சின்னத் திரை வெளிச்சமானது. தெருவாசல். நனைந்த தலையோடு தெட்சுயா நின்றிருந்தான். கையில், போன வாரம் மாதிரியே, பன்றிக்கறி பன் பெட்டி.

"அக்கா, நான்தான்." குரல் கரகரத்தது. "அத்தான் இருக்காரா? ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. கூட்டம் எப்படிப் போச்சுன்னு அவங்களுக்கு அதுக்குள்ள தெரிஞ்சிருக்கு. யார்கிட்ட என்னடா சொன்னேன்னு கேக்கிறாங்க. கதவைத் திறங்களேன்."

இருவரும் எழுந்திருக்கவில்லை. அவள் அவரைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தார். பொத்தானை அழுத்தாவிட்டால் அரை நிமிடத்தில் அது தானாகவே அணைந்துவிடும். அணைந்தது.

மறுபடி ஒலித்தது.

"நான் திறக்கிறேன்," என்று ஷிகேரு எழுந்தார். பொத்தான் மேல் விரலை வைத்தவர், அழுத்தவில்லை.

திரையில் தெட்சுயா இப்போது தனியாக இல்லை. அவனுக்குப் பின்னால், கடைப் பையோடு, யாரோ குடையை மடக்கி உதறிக்கொண்டிருந்தார்கள். குடை இறங்கியதும் ஓகினோ சானின் முகம் தெரிந்தது. அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலையில வெள்ளை வேன்ல வந்தது நீங்கதானே, தம்பி?" என்றாள். "தலைவர்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தீங்களே. மழையில ஏன் நிக்கிறீங்க? என்கிட்ட சாவி இருக்கு. வாங்க, சேர்ந்தே மேல போவோம்."